உயிரணுவின் சர்க்கரைப் போர்வையும் பெண்களின் வலியும்

சர்க்கரை என்றதும் நம் நினைவுக்கு வருபவை இரண்டு. ஒன்று, காப்பியில் கலப்பது. மற்றொன்று, ரத்தத்தில் கூடிவிட்டால் மருத்துவர் கண்டிப்பது. மூன்றாவதாகவும் ஒரு சர்க்கரை உண்டு. நம் உடலிலுள்ள ஒவ்வோர் உயிரணுவின் மேற்புறத்திலும் அடர்ந்த புதர்போல் வளர்ந்து நிற்கும் சர்க்கரைச் சங்கிலிகளே அவை. அந்தப் புதரில் நேரும் சிறுசிறு மாற்றங்களுக்கும், உலகில் ஏறத்தாழ 19 கோடிப் பெண்களை வாட்டும் ஒரு நோய்க்கும் தொடர்பு உண்டு என்று அண்மைக்கால ஆய்வுகள் கூறுகின்றன.

எண்டோமெட்ரியோசிஸ் என்பது அந்நோயின் பெயர். கருப்பையின் உட்சுவரில் மாதந்தோறும் தடித்து, கருத்தரிக்காதபோது உதிரமாக வெளியேறுவது அகப்படலம். அதைப் போன்ற திசு கருப்பைக்கு வெளியே சினைப்பையிலும், கருக்குழாயிலும், குடல், சிறுநீர்ப்பை ஆகியவற்றின் மேலும் ஒட்டிக்கொண்டு வளர்வதே இந்நோய். அங்கேயும் அது ஹார்மோன்களின் கட்டளைக்கேற்பத் தடிக்கிறது, கசிகிறது. ஆனால், வெளியேற வழியில்லை. அதனால் அழற்சி ஏற்படுகிறது, தழும்புகள் உருவாகின்றன, உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. மாதவிடாய் நாள்களில் தாங்கவியலா வலி, தாம்பத்திய உறவின்போது வலி, பலருக்குக் குழந்தைப்பேறின்மை என்று துன்பம் நீள்கிறது. இனப்பெருக்க வயதிலுள்ள பெண்களில் சுமார் 10 சதவீதத்தினருக்கு இந்நோய் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது.

நான் மருத்துவன் அல்லன். கல்லூரியில் பொருளாதாரம் கற்பித்து ஓய்வு பெற்றவன். பொருளாதாரம் படித்தவனுக்கு இதில் என்ன வேலை என்று வாசகர் கேட்கக் கூடும். வருகைப் பதிவேட்டை ஆண்டுக்கணக்கில் கையாண்ட எந்த ஆசிரியருக்கும் தெரிந்த செய்தி ஒன்றுண்டு. சில மாணவிகள் மாதந்தோறும் இரண்டு மூன்று நாள்கள் தவறாமல் விடுப்பு எடுப்பார்கள். கடிதத்தில் 'உடல்நலக் குறைவு' என்ற இரண்டு சொற்களுக்கு மேல் இராது. 75 சதவீத வருகை இல்லையெனில் அபராதம் செலுத்தித்தான் தேர்வெழுத வேண்டும்; சிலருக்கு அந்த வாய்ப்பும் கிட்டுவதில்லை. அவர்கள் அனைவருக்கும் இந்நோய் இருந்தது என்று சொல்ல முடியாது. ஆனால், பத்தில் ஒருவர் என்ற கணக்கு உண்மையென்றால், அறுபது மாணவிகள் அமர்ந்திருக்கும் வகுப்பறையில் ஆறு பேர் என்றாகிறது.

இழப்பைப் பணத்திலும் அளந்திருக்கிறார்கள். பத்து நாடுகளின் சிறப்பு மருத்துவ மையங்களில் சிகிச்சை பெற்ற பெண்களிடம் நடத்தப்பட்டு, 2012-இல் வெளியான ஆய்வின்படி, ஒரு பெண்ணுக்கு ஆண்டுக்கு ஆகும் சராசரி இழப்பு 9,579 யூரோ. இதில் மருத்துவச் செலவு 3,113 யூரோ மட்டுமே. வேலைத்திறன் குறைவதால் ஏற்படும் இழப்பு 6,298 யூரோ. அதாவது, மருத்துவமனையில் செலவிடுவதைப்போல இரு மடங்கை அப்பெண் தன் பணியிடத்தில் இழக்கிறாள். ஊதியம் பெறாத வீட்டு வேலையை நாம் தேசியக் கணக்கில் சேர்ப்பதில்லை. சேர்த்தால் இத்தொகை எங்கே போய் நிற்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆராய்ச்சிக்கான ஒதுக்கீடோ இதற்கு நேர்மாறாக இருக்கிறது. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்கள் 2022-இல் இந்நோய் ஆய்வுக்கு ஒதுக்கிய தொகையை நோயாளிகளின் எண்ணிக்கையால் வகுத்தால், தலைக்கு ஏறத்தாழ இரண்டு டாலர் வருகிறது. குரோன் நோய் என்னும் குடல் அழற்சி நோய்க்கு அதே ஆண்டில் அது சுமார் 130 டாலர். குரோன் நோயாளிகளுக்கு அது மிகை என்பதன்று என் வாதம். அங்கே ஒரு நோய் நோயாகக் கருதப்படுகிறது, இங்கே 'பெண்ணென்றால் வலி இருக்கத்தான் செய்யும்' என்று ஒதுக்கப்படுகிறது.

இந்நோய் ஏன் வருகிறது என்ற கேள்விக்கு இன்றளவும் பெரும்பாலோர் தொடங்கும் இடம், அமெரிக்க மருத்துவர் ஜான் சாம்ப்சன் 1927-இல் முன்வைத்த விளக்கம். மாதவிடாயின்போது உதிரத்தின் ஒரு பகுதி கீழ்நோக்கி வெளியேறாமல், கருக்குழாய்கள் வழியே பின்னோக்கிச் சென்று வயிற்றறைக்குள் சிந்துகிறது. அதில் மிதந்து செல்லும் அகப்படல உயிரணுக்கள் அங்கே ஒட்டிக்கொண்டு முளைக்கின்றன என்றார் அவர். எளிமையான, அழகான விளக்கம். ஆனால், பிற்காலத்தில் வயிற்றறைத் திரவத்தைச் சோதித்தபோது ஒரு சிக்கல் எழுந்தது. கருக்குழாய் அடைபடாத பெண்களில் ஏறத்தாழ 90 சதவீதத்தினருக்கு இவ்வாறு உதிரம் பின்னோக்கிச் செல்கிறது என்று 1984-இல் வெளியான ஆய்வு காட்டியது. நோய் வருவதோ பத்தில் ஒருவருக்கு.

விதை ஏறக்குறைய எல்லா நிலத்திலும் விழுகிறது. சில நிலங்களில் மட்டுமே முளைக்கிறது. அப்படியானால் வேறுபாடு விதையிலா, நிலத்திலா, காவலிலா? உயிரணுவின் மேற்பரப்புச் சர்க்கரைகள் கவனம் பெறுவது இந்த இடத்தில்தான்.

இந்தச் சர்க்கரைகள் நமக்கு முற்றிலும் அந்நியமானவை அல்ல. ஏ, பி, ஓ என்று ரத்த வகைகளைப் பிரிக்கிறோமே, அப்பிரிவே சிவப்பணுவின் மேலுள்ள சர்க்கரைகளைப் பொறுத்ததுதான். கார்ல் லாண்ட்ஸ்டைனர் 1901-இல் ரத்த வகைகளைக் கண்டறிந்தபோது வேறுபாட்டின் வேதியியல் அவருக்குத் தெரியாது. சங்கிலியின் நுனியில் கேலக்டோஸ் என்ற சர்க்கரை இருந்தால் பி வகை. அதன் சற்றே மாறிய வடிவம் இருந்தால் ஏ வகை. இரண்டும் இல்லாவிட்டால் ஓ வகை என்பது பின்னரே விளங்கியது. நுனியிலுள்ள ஒரு சர்க்கரையின் வேறுபாடு, தவறான ரத்தத்தை ஏற்றினால் உயிரைப் பறிக்கப் போதுமானது. இன்ஃபுளூயன்சா வைரஸ் நம் மூச்சுக்குழாய் உயிரணுவுக்குள் நுழைவதும் சியாலிக் அமிலம் என்ற நுனிச் சர்க்கரையைப் பற்றிக்கொண்டுதான்.

இச்சர்க்கரைகளின் மொழி வளம் மிக்கது. மூன்று வெவ்வேறு அமினோ அமிலங்களை வரிசைப்படுத்தினால் ஆறு வகைப் புரதத் துணுக்குகள் கிடைக்கும். மூன்று வெவ்வேறு சர்க்கரைகளை இணைத்தாலோ, இணையும் இடத்தையும் கோணத்தையும் பொறுத்து, ஆயிரத்துக்கும் அதிகமான வடிவங்கள் சாத்தியம். புரதங்களின் அமைப்பை மரபணு நேரடியாக எழுதி வைத்திருக்கிறது. சர்க்கரைச் சங்கிலிகளுக்கு அத்தகைய எழுத்துப் பிரதி கிடையாது. இருநூற்றுக்கும் மேற்பட்ட நொதிகள் உயிரணுவுக்குள் ஒரு தொழிற்சாலை வரிசைபோல நின்று, ஒன்று சேர்ப்பதும் ஒன்று நீக்குவதுமாக அவற்றைக் கட்டுகின்றன. மூலப்பொருள் வரத்து, எந்த நொதி எவ்வளவு இருக்கிறது, ஹார்மோன் அளவு, அழற்சி எனப் பலவும் இறுதி வடிவத்தை மாற்றிவிடும். உற்பத்திக் கோட்பாடு கற்பித்தவனுக்கு இது புரியக்கூடியதே: ஒரே திட்ட வரைபடம் இருந்தாலும், ஆலையின் அன்றைய நிலையைப் பொறுத்து வெளிவரும் சரக்கு மாறுபடும். மரபணு ஆய்வு பாய்ச்சலில் முன்னேறியபோது சர்க்கரை ஆய்வு பின்தங்கியதற்கு இதுவே முதன்மைக் காரணம்.

உயிரணுவின் மேல் எந்தச் சர்க்கரை இருக்கிறது என்பதை எப்படி அறிகிறார்கள்? இங்கே நம் வீட்டுத் தோட்டம் உதவிக்கு வருகிறது. லெக்டின் என்ற வகைப் புரதங்கள் குறிப்பிட்ட சர்க்கரையை மட்டும் தேடிப் பற்றிக்கொள்ளும் இயல்புடையவை. விதைகளில் அவை மிகுதி. ஆமணக்கு விதையின் நச்சுப் புரதம் சிவப்பணுக்களைத் திரளச் செய்கிறது என்று 1888-இல் கண்டறியப்பட்டதே இத்துறையின் தொடக்கம். நிலக்கடலையில் ஒரு லெக்டின் உண்டு. பலாக்கொட்டையிலும் ஒன்று உண்டு. அதன் பெயர் ஜாக்கலின். இவ்விரண்டின் முப்பரிமாண அமைப்பையும் 1990-களில் வெளிப்படுத்தியவர்கள் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் எம். விஜயன் தலைமையில் இயங்கிய குழுவினர். நாம் சுட்டும் குழம்பில் இட்டும் உண்ணும் பலாக்கொட்டையின் புரதம், உலகெங்கும் ஆய்வகங்களில் உயிரணுவின் சர்க்கரையை அடையாளம் காணும் கருவியாக இருக்கிறது என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? சரி, நோய்க்குத் திரும்புவோம்.

சிந்திய உயிரணு நோயாக மாறச் சில தடைகளைத் தாண்ட வேண்டும். முதலாவது, ஒட்டிக்கொள்வது. வயிற்று உறுப்புகளைப் பெரிட்டோனியம் என்ற வழுவழுப்பான சவ்வு போர்த்தியிருக்கிறது. அதன் மேற்புறத்தில் ஹயலுரோனிக் அமிலம் என்ற நீண்ட சர்க்கரை இழைகள் படர்ந்துள்ளன. அகப்படல உயிரணுவின் மேல் இந்த இழையைப் பற்றும் சிடி44 என்ற கொக்கி இருக்கிறது. நொதியைக் கொண்டு சவ்வின் சர்க்கரை இழைகளைக் கரைத்துவிட்டால், உயிரணுக்கள் ஒட்டிக்கொள்வது குறைகிறது என்று 2001-இல் ஆய்வகச் சோதனை காட்டியது. நோயுள்ள பெண்களின் அகப்படல உயிரணுக்களில் இந்தக் கொக்கியின் சில வடிவங்கள் கூடுதலாக இருப்பதையும், அவை சவ்வில் அதிகமாக ஒட்டுவதையும் பின்னர் வந்த ஆய்வு பதிவு செய்தது.

ஒட்டியபின் ஊர்ந்து பரவ வேண்டும். பிரெஞ்சு ஆய்வாளர்கள் 2019-இல் வெளியிட்ட முடிவு இங்கே முக்கியமானது. சங்கிலியின் நுனியில் சியாலிக் அமிலத்தைக் குறிப்பிட்டதொரு கோணத்தில் இணைக்கும் நொதிகள் உண்டு. நோயுற்ற திசுக்களில் அந்நொதிகளின் அளவும், அவ்வகைச் சியாலிக் அமிலமும் குறைந்திருந்தன. அது குறையும்போது உயிரணுக்களின் நகரும் திறன் கூடியது. காவல் வேலியின் ஒரு பகுதி கழன்றதும் ஆடு மேயப் புறப்பட்டதுபோல.

அடுத்த தடை, நோய் எதிர்ப்பு அணுக்கள். இடம் மாறி வந்து நிற்கும் திசுவை அழிப்பது அவற்றின் கடமை. ஆனால் அவை எதிரியைச் சொந்தக்காரரிடமிருந்து பிரித்தறிய நம்பியிருப்பவற்றுள் சர்க்கரை அடையாளங்களும் அடக்கம். சியாலிக் அமிலத்தைக் கண்டால் 'இது நம்மவர்' என்று தாக்குதலைத் தணிக்கும் ஏற்பிகள் எதிர்ப்பு அணுக்களில் உள்ளன. இன்னொருபுறம், கேலக்டின் என்ற லெக்டின் குடும்பம் நம் உடலிலேயே சுரக்கிறது. அதில் கேலக்டின்-1 என்பது எதிர்ப்பு அணுக்களின் மேலுள்ள கேலக்டோஸைப் பற்றி, அவற்றைத் தாமே மடியச் செய்ய வல்லது. நோயுற்ற திசுக்களில் இது காணப்படுகிறது.

மூன்றாவது தடை, உணவு. ரத்த நாளம் இல்லாமல் எந்தத் திசுவும் வளராது. அர்ஜென்டினாவின் புவனோஸ் ஐரிஸில் உள்ள ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்ட எலிச் சோதனையில், கேலக்டின்-1 இல்லாத எலிகளில் நோய்த் திசுக்கள் சிறுத்தே இருந்தன; ரத்த நாளங்களும் குறைவாகவே முளைத்தன. கேலக்டின்-1-ஐ முடக்கும் எதிர்ப்புரதத்தைச் செலுத்தியபோதும் அதே விளைவு.

மேற்சொன்ன பிரெஞ்சு ஆய்வையும் அர்ஜென்டின ஆய்வையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒரு கருத்து தோன்றுகிறது. பிரெஞ்சு ஆய்வில் குறைந்திருந்ததாகச் சொல்லப்பட்ட அதே கோணச் சியாலிக் அமிலம், சங்கிலி நுனியில் இருந்தால் கேலக்டின்-1-ஐ ஒட்டவிடாது. அது ஒரு மூடிபோலச் செயல்படுகிறது என்பது உயிரிவேதியியலில் நிறுவப்பட்டது. மூடி கழன்றால் கேலக்டினுக்கு வாசல் திறக்கும். நகரும் திறன் கூடுவதும், நாளங்கள் முளைப்பதும், எதிர்ப்பு அணுக்கள் தளர்வதும் ஒரே சிறு மாற்றத்தின் மூன்று முகங்களாக இருக்கலாம். இது நிறுவப்பட்ட முடிவன்று; சோதித்துப் பார்க்கத்தக்க கருதுகோள்.

புரதம் ஒன்றாக இருந்தும் சர்க்கரை மாறினால் குணம் எவ்வளவு மாறும் என்பதற்கு என்னை வியக்கவைத்த எடுத்துக்காட்டு கிளைகோடெலின். பெண்ணின் கருப்பை அகப்படலம், மாதச் சுழற்சியின் பிற்பாதியில் இப்புரதத்தைச் சுரக்கிறது. ஆணின் விந்துத் திரவத்திலும் இதே புரதம் உண்டு. அமினோ அமில வரிசை ஒன்றேதான். ஆனால், இரண்டின் மேலுள்ள சர்க்கரைகள் வேறு. பெண்ணுடலில் உருவாகும் வடிவம், விந்தணு கருமுட்டையுடன் இணைவதைத் தடுக்கிறது. நோய் எதிர்ப்பு அணுக்களையும் அமைதிப்படுத்துகிறது. விந்துத் திரவத்தின் வடிவத்துக்கு அந்தத் தடுக்கும் குணம் இல்லை. இருந்திருந்தால் மனித இனமே இருந்திராது. சினைப்பையில் எண்டோமெட்ரியோசிஸ் உள்ள பெண்களின் ரத்தத்திலும் வயிற்றறைத் திரவத்திலும் கிளைகோடெலின் அளவு கூடியிருப்பதை ஆய்வுகள் கண்டுள்ளன.

குழந்தைப்பேறின்மையிலும் சர்க்கரைக்குப் பங்குண்டு. ரத்த ஓட்டத்தில் விரையும் வெள்ளணுக்கள், காயம்பட்ட இடத்தில் நாளச் சுவரின் சர்க்கரைகளைத் தொட்டுத் தொட்டு வேகம் குறைத்து நிற்கின்றன. கருவும் கருப்பைச் சுவரில் முதன்முதலில் தங்குவது இதே முறையில்தான் என்று சான் பிரான்சிஸ்கோ ஆய்வாளர்கள் 2003-இல் தெரிவித்தனர். கருவை நிறுத்தும் அந்தச் சர்க்கரைகள் உரிய நாளில் உரிய அளவில் விரிந்திருக்க வேண்டும். இந்நோயுள்ள பெண்கள் சிலரிடம், கருக்குழாயில் அடைப்பேதும் இல்லாதபோதும் கரு தங்காமற்போவது ஏன் என்று தேடுவோர் இத்திசையிலும் பார்க்கிறார்கள்.

இவ்வளவையும் படித்துவிட்டு, சர்க்கரை மாற்றமே நோயின் காரணம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. இந்த இடத்தில்தான் என் துறை எனக்குத் துணை நிற்கிறது. இரண்டு அளவுகள் சேர்ந்து மாறினால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது என்பதே பொருளியல் அளவையியலின் முதல் பாடம். ஆய்வுக்கு எடுக்கப்படும் திசு, அறுவை சிகிச்சையின்போது கிடைப்பது. அதற்குள் நோய் தொடங்கிப் பல ஆண்டுகள் கடந்திருக்கும். அத்தனை ஆண்டுகளும் அங்கே அழற்சி கனன்றுகொண்டிருக்கும். அழற்சியே சர்க்கரை கட்டும் நொதிகளை மாற்ற வல்லது. எனவே நாம் காண்பது நோயை உண்டாக்கிய மாற்றமா, நோய் உண்டாக்கிய மாற்றமா என்பதைத் திசுவைப் பார்த்து மட்டும் சொல்ல இயலாது. போதாக்குறைக்கு, அகப்படலத்தின் சர்க்கரைகள் மாதச் சுழற்சியின் நாளுக்கேற்பவே மாறுகின்றன. பத்தாம் நாள் எடுத்த திசுவை இருபதாம் நாள் எடுத்ததோடு ஒப்பிட்டால் வேறுபாடு கிடைக்கத்தான் செய்யும். ஹார்மோன் மாத்திரை உட்கொள்வோரின் திசு வேறொரு கதை. பெரும்பாலான ஆய்வுகளில் நோயாளிகளின் எண்ணிக்கையும் சில பத்துகளைத் தாண்டுவதில்லை. கேலக்டின்-1 பற்றிய எலிச் சோதனைக்கு நான் கூடுதல் மதிப்பளிப்பது இதனால்தான். அங்கே ஒன்றை நீக்கிப் பார்த்து விளைவை அளந்தார்கள். எலிக்கு இயல்பாக மாதவிடாய் வருவதில்லை என்ற குறை இருந்தாலும்.

நுண்ணுயிரிகளின் பங்கையும் மறுப்பதற்கில்லை. ஜப்பானின் நகோயா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023-இல் வெளியிட்ட ஆய்வில், எண்டோமெட்ரியோசிஸ் உள்ள பெண்களில் 64 சதவீதத்தினரின் கருப்பை அகப்படலத்தில் ஃபியூசோபாக்டீரியம் என்ற பாக்டீரியா காணப்பட்டது. நோயில்லாதவர்களில் 10 சதவீதத்துக்கும் குறைவு. வாயிலும் பல் ஈறுகளிலும் வாழும் இப்பாக்டீரியா, பெருங்குடல் புற்றுநோய்த் திசுவில் தங்குவது அங்கே மிகுந்திருக்கும் ஒரு கேலக்டோஸ் சர்க்கரையைப் பற்றிக்கொண்டுதான் என்று 2016-இல் ஜெருசலேம் ஆய்வாளர்கள் காட்டியிருந்தனர். கருப்பையிலும் அதே கதைதானா என்பது இனி ஆராயப்பட வேண்டியது.

இன்னொன்றையும் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இங்கே பேசப்படும் சர்க்கரைக்கும் நாம் உண்ணும் இனிப்புக்கும் நேரடித் தொடர்பு இல்லை. உயிரணு தனக்கு வேண்டிய சர்க்கரை அலகுகளைத் தானே மாற்றி அமைத்துக்கொள்கிறது. 'சிறுவயதில் மிட்டாய் அதிகம் தின்றாய், அதனால்தான் இந்த வலி' என்று மகளைக் கடிந்துகொள்ளும் தாய்க்கும், உயிரணுவின் சர்க்கரையைச் சீராக்கும் என்று பொடி விற்பவருக்கும் இந்த ஆய்வுகளில் எந்த ஆதாரமும் கிடையாது.

நடைமுறைப் பயன் என்று பார்த்தால், முதலில் கிடைக்கக்கூடியது மருந்தன்று, நோயறியும் வழிதான் என்பது என் கணிப்பு. நோயை உறுதி செய்யப் பல நாடுகளில் 4 முதல் 12 ஆண்டுகள் வரை ஆகின்றன. நெடுங்காலமாக, வயிற்றில் துளையிட்டுக் கருவியைச் செலுத்திப் பார்க்கும் லேப்ராஸ்கோப்பியே உறுதிச் சோதனையாக இருந்தது. ஐரோப்பிய இனப்பெருக்க மருத்துவச் சங்கத்தின் 2022-ஆம் ஆண்டு வழிகாட்டுதல், அந்நிலையை மாற்றி அல்ட்ராசவுண்ட், எம்ஆர்ஐ ஆகியவற்றுக்கு முன்னிடம் அளித்துள்ளது. ரத்தத்தில் எதையேனும் அளந்து இந்நோயைக் கண்டறிய முயல வேண்டாம் என்றும் அதே வழிகாட்டுதல் கூறுகிறது. சிகிச்சையைப் பொருத்தவரை, ஹார்மோன் மருந்துகளும் அறுவை சிகிச்சையும் பலருக்கு நிவாரணம் தருகின்றன. ஆனால், அறுவை சிகிச்சைக்குப் பின் ஐந்தாண்டுகளில் 40 முதல் 50 சதவீதத்தினருக்கு நோய் திரும்பக்கூடும்.

இப்போது நம் ஊர்ப் பரிசோதனைக் கூடங்களில் சாதாரணமாகச் செய்யப்படும் சிஏ-125 என்ற ரத்தச் சோதனையைப் பார்ப்போம். மில்லி லிட்டருக்கு 35 அலகுகள் என்பது வழக்கமான உச்ச வரம்பு. 1980-களின் தொடக்கத்தில் சினைப்பைப் புற்றுநோயைக் கண்காணிக்க உருவான சோதனை இது. அளக்கப்படும் பொருள், சர்க்கரைகள் அடர்ந்த ஒரு பெரும் புரதம். சிக்கல் என்னவென்றால், எண்டோமெட்ரியோசிஸிலும் அது கூடும். மாதவிடாய் நாள்களிலும் கூடும். முப்பது வயதுப் பெண்ணுக்குச் சினைப்பையில் கட்டி என்று ஸ்கேன் சொல்லி, சிஏ-125 நூறைத் தாண்டியிருந்தால், அடுத்த சந்திப்புவரை அந்தக் குடும்பம் உறங்குவதில்லை. இணையத்தில் தேடிப் பார்ப்பவர்களின் நிலை இன்னும் மோசம்.

இந்தக் குழப்பத்தைச் சர்க்கரை ஆய்வு தீர்க்கக்கூடும் என்பதற்கு நல்ல அறிகுறிகள் தெரிகின்றன. புற்றுநோய்த் திசுவிலிருந்து வரும் சிஏ-125-இன் மேல், வளர்ச்சி பாதியில் நின்றுபோன குறுஞ்சர்க்கரை ஒன்று மிகுதியாகக் காணப்படுகிறது. சியாலில்-டிஎன் என்பது அதன் பெயர். எண்டோமெட்ரியோசிஸில் வரும் சிஏ-125-இல் அது அரிது. புரதத்தின் அளவை மட்டும் எண்ணாமல், இந்தச் சர்க்கரையைச் சுமந்துவரும் புரதத்தைத் தனியே அளந்தால் இரண்டையும் மேலும் துல்லியமாகப் பிரித்தறியலாம் என்று லண்டன் ஆய்வாளர்கள் 2013-இல் காட்டினர். பின்லாந்தின் துர்க்கு நகர ஆய்வாளர்கள் இம்முறையை மேலும் செம்மைப்படுத்தி வருகின்றனர். உயிருள்ள உடலில் சர்க்கரைச் சங்கிலிகளைக் கண்டறியும் வேதியியல் வழியை வகுத்த கரோலின் பெர்ட்டோசிக்கு 2022-இல் நோபல் பரிசு கிடைத்தபின், இத்துறையை நோக்கி முதலீடும் இளம் ஆய்வாளர்களும் திரும்பியிருக்கிறார்கள்.

அத்தகைய சோதனை நம் ஊர்க் கூடங்களுக்கு வந்து சேரும்வரை, சிஏ-125 கூடியிருக்கிறது என்ற அறிக்கையைக் கையில் வைத்திருக்கும் பெண், மருத்துவரிடம் மூன்று செய்திகளைத் தானாகவே சொல்லிவிடுவது நல்லது: ரத்தம் எடுத்த நாள் மாதவிடாய்ச் சுழற்சியில் எத்தனையாவது நாள், வலி எந்த வயதில் தொடங்கியது, மாதத்தில் எத்தனை நாள் அந்த வலியால் கல்லூரிக்கோ வேலைக்கோ போக முடியாமற்போகிறது.